தோற்பதற்கு ஒருவனுக்கு உரிமை உண்டா?

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 24ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஒரு விளையாட்டரங்கிலே விநோதமான காரியம் ஒன்று நடந்தது. உள்ளூர் பேஸ்போல் அணியாகிய வைற் சொக்ஸ், ஆட்டத்தின் எட்டாவது சுற்றிலே பின்னடைவை மீட்டு எதிரணியை முந்தியது. கூடியிருந்த சொந்த இரசிகர்களுள் சிலர் அப்போது கை தட்டவில்லை, ஊளையிட்டுப் பழித்தார்கள். “அணியை விற்றுவிடு” என்ற கோஷமும் அன்று அரங்கில் எழுந்தது. விற்கச் சொன்னது வீரர்களையன்று, முதலாளியை.

அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பருவத்தில் அதற்குள் 120 ஆட்டங்களில் தோற்றிருந்தது அந்த அணி. 1962இல் நியூயோர்க் மெற்ஸ் அணி அடைந்த 120 தோல்விகளே 1900க்குப் பிந்திய காலத்தின் மிகப் பெரிய அவமானமாக ஏடுகளில் இருந்து வந்தது. அதை முறியடிக்கும் 121ஆவது தோல்வியைக் கண்ணாரக் காணவென்றே பலர் அன்று பணம் கொடுத்து வந்திருந்தார்கள். அணியோ அவர்கள் முன்னால் தொடர்ந்து மூன்று நாளும் வென்றுவிட்டு, 27ஆந் திகதி டிற்றொயிற் நகரத்துக்குப் போய்த் தோற்றது. 162 ஆட்டங்களில் 41 வெற்றி, 121 தோல்வி என்று கணக்கு முடிந்தது.

இது நமக்கு எட்டாத ஊரின் விளையாட்டுச் செய்திதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தன் அணி தோற்க வேண்டுமென்று ஒருவன் விரும்பும் நிலைக்கு அவனைக் கொண்டுவந்து விட்டது எது? ஆயிரமாயிரம் பேர் அன்பு செலுத்தும் ஒன்றை ஒரு மனிதன் விலை கொடுத்து வாங்கினால், அதை அவன் கெடவிடவும் உரிமை பெற்றுவிடுகிறானா? பேஸ்போலைப் பற்றி எதுவும் அறியாதவரும் எண்ணிப் பார்க்கத் தக்க கேள்விகள் இவை. ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்: நம் நாட்டு எல்லே விளையாட்டைப் போலப் பந்தை அடித்துவிட்டுத் தளங்களைச் சுற்றி ஓடிவர வேண்டும், ஓடி முடிப்பவன் ஓர் ஓட்டம் பெறுவான்.

முதலில் அந்த அணியின் அண்மைக்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 டிசெம்பரில் அணியின் நிர்வாகிகள் “மீள்கட்டுமானம்” என்று அந்நாட்டார் சொல்லும் வேலையைத் தொடங்கினார்கள். கைவசமுள்ள சிறந்த வீரரை வேறோர் அணிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக அந்த அணியின் முதிராத இளைஞர் சிலரை வாங்குவது. சில ஆண்டுகள் தோற்பது. இளைஞர் தேறியதும் வெல்வது. இதுதான் திட்டம். கிறிஸ் சேல் என்ற தலைசிறந்த பந்தெறிவாளர் பொஸ்ரனுக்குப் போனார். 2018இல் பொஸ்ரன் உலகத் தொடரை வென்றபோது இறுதிப் பந்தை எறிந்தவர் அவரே. சிக்காகோவில் அதே ஆண்டு 100 தோல்விகள். பின்னர் பயிர் சற்றுத் தலைகாட்டியது: 2021இல் 93 வெற்றிகளுடன் தன் பிரிவில் முதலிடம். அடுத்த ஆண்டு 81 வெற்றி, 81 தோல்வி. 2023இல் 101 தோல்வி. அதன் பின் நிகழ்ந்ததை மேலே கண்டீர்கள். 2024 டிசெம்பரில் இன்னொரு நல்ல பந்தெறிவாளரையும் இளைஞர்களுக்கு ஈடாகக் கொடுத்தார்கள். வாங்கியது மீண்டும் அதே பொஸ்ரன்தான். முதலாவது கட்டுமானம் இடிந்த இடத்தில் இரண்டாவதற்கு அத்திவாரம் தோண்டப்பட்டது.

தோல்வியில் இலாபம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். அமெரிக்க விளையாட்டுகளில், பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்து வரும் புதிய வீரர்களை அணிகள் முறை வைத்துத் தெரிவு செய்கின்றன. பலவீனமான அணிக்கு முன்வரிசை. நல்ல எண்ணத்துடன் ஏற்பட்ட ஒழுங்கு இது. எளியவனை மேலே தூக்கிவிடுவதே நோக்கம். மனித புத்தியோ எந்த நல்ல ஒழுங்கிலும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடும். முன்வரிசை வேண்டுமென்றால் கடைசியாக வந்தாற் போதும் அல்லவா? ஹியூஸ்ரன் அணி 2011 தொடக்கம் 2013 வரை மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து 106, 107, 111 என்று தோற்று, 2017இல் உலகத் தொடரை வென்றது. (அந்த வெற்றியின் ஆண்டில் எதிரணியின் சைகைகளைக் கமெரா வைத்துத் திருடினார்கள் என்பது 2019இல் வெளிப்பட்டது வேறு கதை.) சிக்காகோவின் மற்ற அணியாகிய கப்ஸ் 2012இல் 101 தோல்விகளைத் தாங்கி, 108 ஆண்டுகளுக்குப் பின் 2016இல் வென்றது. இவற்றைக் கண்டு மற்ற முதலாளிகளும் தோல்வியை ஒரு முதலீடாகக் கருதத் தொடங்கினார்கள். ஆகவே 2023இலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் முறை வந்தது. வருமானம் மிக்க நகரத்து அணி ஒன்று அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த ஆறுக்குள் வர முடியாது என்றும் விதித்தார்கள். 121 தோல்விகளின் பின் வைற் சொக்ஸ் அணிக்குக் கிடைத்தது பத்தாவது இடமே!

இப்போது இதே அணியின் பழைய கதை ஒன்றுக்கு வாருங்கள். 1919இல் வைற் சொக்ஸ் அந்த நாட்டின் தலைசிறந்த அணிகளுள் ஒன்று. அவ்வாண்டு உலகத் தொடரில் சின்சினாற்றி அணியிடம் 5க்கு 3 என்ற கணக்கில் தோற்றது. சூதாடிகளுடன் சேர்ந்து வேண்டுமென்றே தோற்கச் சதி செய்தார்கள் என்று எட்டு வீரர்கள்மீது குற்றம் எழுந்தது. 1921இல் நீதிமன்றத்தில் ஜூரிகள் அவர்களை விடுவித்தனர். ஆயினும் ஆட்டத்தின் ஆணையாளராக இருந்த லண்டிஸ் நீதிபதி எண்மரையும் ஆயுள் முழுவதும் விலக்கினார். அவர்களுள் பக் வீவர் என்பவர் சதிக் கூட்டத்தில் இருந்தவர். ஆனால் பணம் வாங்கியதாகவோ சரியாக ஆடாததாகவோ எவரும் நிறுவவில்லை. அறிந்திருந்தும் சொல்லவில்லை என்பதே அவர் குற்றம். தம் பெயரைத் துடைக்கப் பலமுறை மன்றாடி, துடைக்கப்படாமலே 1956இல் இறந்தார். விலக்கு என்பது மனிதனின் மரணத்துடன் முடிவதாக ஆணையாளர் தீர்ப்பளித்தது 2025 மே மாதத்திலேதான்.

வாசகரே, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எட்டுப் பேர் ஒரு வாரத்துத் தொடரைப் பணத்துக்காகக் கைவிட்டபோது ஒரு தேசமே வெகுண்டது; அவர்கள் பெயர் நூறாண்டுக்குமேல் கறை படிந்து கிடந்தது. ஒரு நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் தோல்வியைத் திட்டமிட்டால் அதைத் தூரதிருஷ்டி என்கிறார்கள். வேறுபாடு எங்கே இருக்கிறது?

வேறுபாடு இல்லையென்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. 1919இன் குற்றத்தின் வேர் தோல்வியில் இல்லை, பொய்யில் இருந்தது. பார்வையாளன் உண்மையான போட்டி என்று நம்பிப் பணம் கொடுத்தான், நடந்தது நாடகம். மீள்கட்டுமானத்திலோ மைதானத்தில் இறங்கும் பையன் தன் முழுப் பலத்தோடும் ஆடுகிறான். அவன் தோற்பது பலம் போதாமையால். நிர்வாகமும் ‘இன்னும் சில ஆண்டுகளுக்கு வெல்ல மாட்டோம்’ என்பதை ஏறத்தாழப் பகிரங்கமாகவே சொல்லிவிடுகிறது. ஏமாற்றப்படாதவனுக்கு வஞ்சனை நிகழவில்லை என்பார்கள் அறநூலார். இந்த அளவில் முதலாளியின் பக்கம் நியாயம் உண்டு. நிலம் சத்தற்றுப் போனால் ஒருபோகம் தரிசாக விடும் கமக்காரனை நாம் சோம்பேறி என்பதில்லை.

ஆனால் அந்தக் கமக்காரன் தரிசு நிலத்தைக் காட்டி அந்த ஆண்டுக்கும் நெல்லுக் காசு கேட்பதில்லை. தோற்கும் ஆண்டிலும் நுழைவுச் சீட்டு விலைக்குத்தான் விற்கப்படுகிறது. தொலைக்காட்சி உரிமைப் பணம் வருகிறது. அரங்கினுள் குடிக்கும் சோடாவுக்கும் அதே விலைதான். ‘பொறுத்திருங்கள்’ என்று சொல்பவனே பொறுமைக்கும் கட்டணம் அறவிடுகிறான். ஆதலால் வெளிப்படையாகச் சொல்லிவிட்டோம் என்பது மட்டும் போதிய விடையாகாது.

இத்தகைய திட்டங்களில் நோக்கத்தை வெளியிலிருந்து அறிவதும் அரிது. எதிர்காலத்துக்காகச் சிக்கனம் செய்பவனும், சிக்கனத்துக்காக எதிர்காலத்தைக் காரணம் காட்டுபவனும் முதல் மூன்று ஆண்டுகளில் ஒரே மாதிரித்தான் தோன்றுவார்கள். இருவரையும் வேறு பிரித்து அறிய எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்றே: செய்யப்படும் தியாகம் யாருடையது என்று கேட்க வேண்டும். தோல்வியின் ஆண்டுகளில் இரசிகன் தன் மாலைப் பொழுதுகளை இழக்கிறான். பயிற்றுநர் வேலையை இழக்கிறார். 2024இல் தொடர்ந்து 21 ஆட்டங்கள் தோற்றதன் பின் ஆகஸ்ட் மாதத்தில் அணியின் முகாமையாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இருபத்து மூன்று வயது வீரன் தன் பெயரோடு ஒரு வெட்கத்தைச் சேர்த்துக்கொள்கிறான். முதலாளி எதை இழந்தார்? ஜெரி ரைன்ஸ்டோர்ஃப் என்பவரைத் தலைவராகக் கொண்ட கூட்டம் 1981இல் இந்த அணியை ஏறத்தாழ 2 கோடி டொலருக்கு வாங்கியது. இன்றைய மதிப்பீடுகள் அதை 200 கோடி டொலர் அளவில் வைக்கின்றன. நூறு மடங்கு! வென்றாலும் தோற்றாலும் ஏறிக்கொண்டே போகும் சொத்து அது.

இந்த மனிதரை ஒரு கொடியவராகத் தீட்டுவது எளிது; நியாயமாகாது. அணியை வாங்கி 24ஆவது ஆண்டில், 2005இல், அந்த நகரத்துக்கு 88 ஆண்டுகளாகக் கிட்டாத உலகத் தொடர் வெற்றியை அவருடைய அணி கொடுத்தது. தம்மிடம் வேலை செய்தவர்களை இலகுவில் கைவிடாதவர் என்று பெயர் பெற்றவர். அவர்மீது எழும் முறைப்பாடுகள் பலவற்றுக்கு அந்த நற்குணமே காரணம் என்பதுதான் சிந்திக்கத் தக்கது. 1986இல் பதவி நீக்கப்பட்ட ரோனி லா றூசா என்ற முகாமையாளரை அன்று போகவிட்டது பெரும் தவறு என்று அவர் நெடுங்காலம் வருந்தினார். 2020இல் அந்த நண்பரையே, 76 வயதில், மீண்டும் அழைத்தார். இரசிகர்கள் திகைத்தார்கள். 2023இல் பழைய நிர்வாகிகளை நீக்கியபோதும் வெளியே எவரையும் தேடாமல், காலம் வீணாகக் கூடாதென்று கூறி, உள்ளேயிருந்த கிறிஸ் கெற்ஸ் என்பவரையே நியமித்தார். அடுத்த ஆண்டுதான் 121. நண்பனுக்கு விசுவாசமாயிருப்பது நற்குணந்தான். ஆனால் பலருடைய பொருட்டு வகிக்கும் பொறுப்பில் அதன் செலவை ஏற்பவர்கள் அந்த நண்பனை அறியாதவர்களாக இருக்கிறார்கள்.

உரிமையாளரின் அதிகாரம் வரம்பு மீறினால் எதுவரை போகும் என்பதற்கு 1899ஆம் ஆண்டைக் காட்டலாம். அன்று இரு சகோதரர் கிளீவ்லண்ட், சென்ற் லூயிஸ் என்ற இரண்டு அணிகளுக்கும் சொந்தக்காரர். வருமானம் அதிகம் வருமென்று எண்ணி, கிளீவ்லண்டின் சிறந்த வீரர் அனைவரையும் சென்ற் லூயிஸுக்கு மாற்றினார்கள். எஞ்சியவர்கள் 20 ஆட்டங்களை வென்று 134இல் தோற்றார்கள். பார்க்க ஆளில்லாததால் பெரும்பாலான ஆட்டங்களை வெளியூர்களிலேயே ஆட வேண்டியதாயிற்று. ஆண்டு முடிந்ததும் அணியே இல்லாமற் போயிற்று. சட்டப்படி அந்தச் சகோதரர் தம் சொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்கள், அவ்வளவே.

சட்டப்படி! இந்தச் சொல்லில்தான் நம் சிந்தனை வந்து முட்டுகிறது. சொத்து என்பதை ஒருவன் உடைமையாக வைத்திருக்கலாம், ஆனால் அதைப் பயன்படுத்தும்போது பிறருக்கும் உரியதுபோல் கருதிப் பயன்படுத்த வேண்டும் என்பது புனித தோமஸ் அக்குவினாஸின் போதனை. 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில் இதை எடுத்தாண்டார். அதே மடலில் தனியுடைமை உரிமையையும் உறுதியாகப் பாதுகாத்தார். காணிக்கும் தொழிற்சாலைக்கும் சொன்னது ஒரு பந்தாட்டக் கழகத்துக்கும் பொருந்துமா? அதற்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். காணியின் விலை மண்ணில் இருக்கிறது. கழகத்தின் விலையோ முழுவதும் பிறருடைய நெஞ்சில் இருக்கிறது. தகப்பன் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியது, குடும்பங்களுக்குள் தலைமுறையாக வந்த பற்று, இவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது சில சீருடைகளும் ஒரு குத்தகை அரங்கும். முதலாளி அந்தப் பற்றை உண்டாக்கவில்லை, உண்டாகியிருந்ததை வாங்கினார். அந்த அரங்குகூட அவர் கட்டியதன்று. 1988இல் அணி புளோரிடாவுக்குப் போய்விடும் என்ற பயமுறுத்தலின் கீழ் மாநிலச் சட்டசபை நள்ளிரவில் பணம் ஒதுக்க, 1991இல் பொதுப் பணத்தில் எழுந்தது. இந்த ரைன்ஸ்டோர்ஃப் நியூயோர்க்கின் புறூக்ளினில் பிறந்தவர். 1957இல் உரிமையாளர் அணியையே லொஸ் ஏஞ்சல்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அநாதையான டொட்ஜர்ஸ் இரசிகர்களுள் தாமும் ஒருவர். காயத்தை அறிந்தவரே அதே கத்தியை மேசைமேல் வைத்துப் பேரம் பேசினார்.

அந்தத் தலைமுறைப் பற்றுக்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2025 மே மாதம் 8ஆந் திகதி தெரிவான பாப்பரசர் 14ஆம் சிங்கராயர், இன்று லியோ என்றே பலரும் அழைக்கும் நம் பாப்பரசர், சிக்காகோவில் 1955இல் பிறந்தவர். வைற் சொக்ஸ் இரசிகர். 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் அரங்கில் அவர் அமர்ந்திருந்த காட்சி தொலைக்காட்சிப் பதிவில் இருக்கிறது. சிறிய சொக்ஸ் தொப்பியோடு உரோமையில் அவர் நின்ற படத்தையும் நீங்கள் பார்த்திருக்கலாம். 13ஆம் சிங்கராயரின் அந்த 1891ஆம் ஆண்டு மடலை நினைத்தே தம் பெயரைத் தெரிந்ததாக அவரே கர்தினால்மாரிடம் சொன்னார். அணியின் உரிமையாளரைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று நான் இங்கே ஊகிக்கப் போவதில்லை! ஆனால் தேர்தலுக்கு முந்திய ஆண்டு உலகின் கடைசி அணியாக இருந்ததென்று அவர் தொப்பியை மாற்றிக்கொள்ளவில்லை.

இனி இரசிகன் பக்கம். தொடர்ந்து போவதா, நிறுத்துவதா என்பதே சிக்காகோவின் வீடுகளில் எழுந்த கேள்வி. 2006இல் 29 இலட்சத்துக்கு மேற்பட்டோர் போன அரங்குக்கு 2024இல் 14 இலட்சத்துக்கும் குறைவானவர்களே போனார்கள். போகாமல் விடுவதே முதலாளிக்குக் கேட்கும் ஒரே மொழி என்பது ஒரு சாரார் கட்சி. நோயாளி மோசமாகும் வேளையில் கட்டிலை விட்டு எழுந்து போவதா அன்பு என்பது மறுசாரார் கட்சி. போகாமல் விடுவதில் குற்றமில்லை என்றே நான் கருதுகிறேன். அன்பு செலுத்துவதும் வாடிக்கையாளனாக இருப்பதும் ஒன்றல்ல. அணியின்மேல் வைத்த அன்பைச் சீட்டு வாங்கி நிரூபிக்கக் கடமைப்பட்டவன் எவனுமில்லை. முதலாளியும் இரண்டும் ஒன்றென்று இரசிகனை நம்பவைத்தே சம்பாதிக்கிறார்.

ஆனால் சொந்த அணி முந்தியபோது பழித்த அந்தக் கூட்டத்தை என்னால் முழுமையாக நியாயப்படுத்த முடியவில்லை. அவர்கள் துரோகிகளல்லர். தாங்கள் அனுபவித்தது இன்னதென்று ஏட்டில் எழுதப்பட வேண்டும், முதலாளி அதை வாசிக்க வேண்டும் என்று விரும்பினார்கள். உண்மைக்குச் சாட்சி வேண்டும் என்ற ஆசை அது. எனினும் அந்த ஊளை போய்ச் சேர்ந்தது எவர் காதில்? முதலாளி கண்ணாடி அறைக்குள் இருப்பவர். பந்தை அடித்துவிட்டு மூச்சிரைக்க ஓடியவனுக்கே அது கேட்டது. அவனுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 7,40,000 டொலர் சம்பளம் கிடைத்தது உண்மைதான். அவனுக்காகக் கண்ணீர் விட வேண்டாம். ஆனால் அன்றிரவு அவன் செய்தது சரியான காரியம். சரியான காரியத்தைச் செய்தவனை, வேறொருவன்மீதுள்ள கோபத்துக்காகப் பழிப்பது எந்த வீட்டிலும் அடிக்கடி நடப்பதுதான்; பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் நீங்கள் கண்டிருப்பீர்கள்.

‘விற்றுவிடு’ என்ற வேண்டுதலும் எப்படி நிறைவேறும் என்று சொல்ல முடியாது. ஓக்லண்ட் நகர இரசிகர்கள் 2023 ஜூன் 13ஆந் திகதி 27,000க்கு மேற்பட்டோராய்த் திரண்டு இதையே கோஷமிட்டார்கள். உரிமையாளர் விற்கவில்லை, 2024இன் முடிவில் அணியையே ஊரைவிட்டுக் கொண்டுபோனார். சிக்காகோவிலோ 2025 ஜூனில் ஓர் உடன்படிக்கை அறிவிக்கப்பட்டது. ஜஸ்ரின் இஷ்பியா என்ற முதலீட்டாளர் பணம் போடுவார்; 2029 முதல் 2033 வரை ரைன்ஸ்டோர்ஃப் விரும்பினால் அவருக்கு அதிகாரத்தைக் கைமாற்றலாம்; 2034ஆம் ஆண்டுப் பருவத்தின் பின் இஷ்பியா விரும்பினால் அதைப் பெற்றுக்கொள்ளலாம். ரைன்ஸ்டோர்ஃப் 1936இல் பிறந்தவர். விற்கச் சொல்லிக் கூவியவர்களுக்குக் கிடைத்த விடை, ‘ஆம், ஆனால் பத்தாண்டுக்குள் எப்போதாவது’ என்பது.

2025இல் 60 வெற்றி, 102 தோல்வி. அவ்வாண்டு டிசெம்பரில் நடந்த குலுக்கலில் முதலாவது இடம் இந்த முறை வைற் சொக்ஸ் அணிக்கே விழுந்தது. அதனால் கிடைக்கும் இளைஞன் பயிற்சி அணிகளில் ஆடித் தேறி மைதானத்துக்கு வரும்போது, கழகத்தின் சாவி யார் இடுப்பில் இருக்கும் என்பது இன்னும் தீரவில்லை.